போலி வானத்தில் 417

அக்கா கண்ணை மூடாமல் இருநூற்று அறுபத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது.

மூச்சு இருக்கிறது, நாடி இருக்கிறது. பேச்சில்லை. எப்படிப் படுக்க வைத்தாலும் முகம் தானாகத் திரும்புகிறது. காலையில் ஜன்னல், பிற்பகலில் கூரை, இரவில் கதவு, பிறகு விடியும்வரை தலையணைக்குள், தரையைப் பார்த்தபடி. அன்று அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மருத்துவர் கேட்டபோது, "வழக்கமான வேலைதான்" என்று மட்டும் சொன்னாள் தங்கை.

இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே வேலை. அகச்சிவப்பு வான வரைபடத்தில் குறிப்பிட்ட நிறத்தில் ஒரு புள்ளி, ரேடியோ வரைபடத்தில் அதே இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டும் பொருந்தினால் அது பிளேசாராக இருக்கலாம்: தன் ஒளித்தாரையை நேராக நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தொலைதூர விண்மீன் மண்டலம். பொருந்திய ஜோடிகளின் பட்டியலை இருவரும் பங்கிட்டுக்கொண்டு சரிபார்ப்பார்கள். "மத்ததெல்லாம் மரியாதை தெரிஞ்சது, வேற பக்கம் பாக்கும். இது மூஞ்சியிலயே டார்ச் அடிக்கும்" என்பாள் அக்கா.

நேற்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். "தினமும் நாலு நிமிஷம் முன்னாடியே கூரையப் பாக்குறாடி. கடிகாரம் வெச்சுப் பாத்தேன்."

நாளுக்கு நான்கு நிமிடம் முந்துவது விண்மீன்களின் வழக்கம்.

இப்போது பிற்பகல் மணி மூன்று, விடுமுறை நாள். அலுவலகத்தில் வேறு யாருமில்லை. ஏசியிலிருந்து வாளியில் நீர் சொட்டும் சத்தமும், கணினியின் சூடேறிய தூசி வாசமும், அக்காவின் நாற்காலியில் கிடந்த சால்வையை இன்னும் விடாத தைல மணமும் அறையில் கலந்து நின்றன. அம்மா குறித்த நேரங்களை வானத்தோடு பொருத்திப் பார்த்தாள் தங்கை. எல்லாம் ஒரே புள்ளியில் போய் நின்றன. பட்டியலில் 417.

சோதிக்க ஒரு வழி இருந்தது. ரேடியோ வரைபடத்தை வேண்டுமென்றே சற்றுத் தள்ளிவைத்துப் பொருத்துவார்கள். அதற்குப் பெயர் போலி வானம். அதில் உண்மையான ஜோடிகள் எல்லாம் பிரிந்துவிடும். 417-ம் பிரிந்துவிட்டால் அது வானத்துப் புள்ளிகளில் ஒன்று, அவ்வளவுதான். அக்காவுக்கு வந்தது வெறும் நோய். நோய்க்கு மருந்து உண்டு.

வடக்கே தள்ளினாள். ஜோடிகள் பிரிந்தன. 417 பிரியவில்லை.

தெற்கே தள்ளினாள். பிரியவில்லை.

வானத்தையே தலைகீழாகத் திருப்பினாள். ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது.

417.

நீர் சொட்டும் சத்தம் இல்லை. எப்போது நின்றது?

தொலைபேசி அதிர்ந்தது.

"ஏண்டி, அக்கா கண்ணை மூடிட்டாடி!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "குறட்டை விடுறா. கழுத, பதினோரு நாளா நம்மள என்ன பாடு படுத்திட்டா!"

"எப்போம்மா?"

"இப்பத்தான். ரெண்டு நிமிஷம் இருக்கும். என்னடி, உனக்குச் சந்தோஷமே இல்லையா?"

கண் எரிந்தது. சிமிட்டப் பார்த்தாள். இமை இறங்கவில்லை.

கழுத்தில் ஏதோ மெல்ல இழுத்தது. கணினித் திரை பார்வையிலிருந்து கீழே நழுவியது. சுவர். கடிகாரம். குழல்விளக்கு.

கூரை.

"அம்மா." நாக்கு மரத்துக்கொண்டு வந்தது. "அன்னைக்கு அக்கா பாத்தது அவ பட்டியல் இல்லம்மா."

"என்னடி சொல்ற?"

"417 என் பங்கு. அது என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. பயந்துபோய் நான்தான் அவகிட்ட தள்ளிவிட்டேன்."