அழுத கூடாரம்

கெண்டைக்கால் இரண்டும் கருங்கல்லாய் இறுகிவிட்டன ஏட்டம்மாவுக்கு.

காலையிலிருந்து நிற்கிறாள்.

இந்தப் பக்கம், சட்டப்படி கருக்கலைப்பு செய்கிற ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம், அந்தச் சட்டத்தையே ஒழிக்கச் சொல்லி ரோட்டை அடைத்துப் போட்ட கூடாரம். நடுவில் இவளும் ஒரு தடியும்.

கூடாரத்து ஒலிபெருக்கியில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பதிவு செய்த அழுகை. காது மரத்துப் போச்சு!

"வீல்ல்...!"

இது குழந்தையல்ல. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்திலிருந்து நர்ஸ்!

ஏட்டம்மா ஓடினாள்.

"டாக்டரம்மாவைக் காணோம்! காத்து வாங்கப் பின்வாசலுக்குப் போய் அரைமணி ஆச்சு..."

பின்வாசலில் ஒற்றைச் செருப்பு. தரையில் ரத்தத் துளிகள்...!

"இன்னிக்கு சாயங்காலம் சட்டசபைக் குழு முன்னாடி சாட்சி சொல்லணும். இவங்க போகலைன்னா சட்டத்தைத் தூக்கிடுவாங்க! எதிர்க்கூடாரத்து ஆளுங்க வேலைதான்!"

"நீ பாத்தியா?"

"பாக்க வேற வேணுமா?"

கூடாரத்துக்குப் பாய்ந்தாள் ஏட்டம்மா. அங்கே தலைவியையும் காணோம்! ஊரே 'மைக் அக்கா' என்று கூப்பிடுகிற அம்மாள். தண்ணீர் குடிக்கும்போதும் மைக்கை விடாதவள். இப்போது மைக் மட்டும் அநாதையாய்க் கிடந்தது.

மைக் செட்காரன் பன் தின்றுகொண்டிருந்தான்.

"எங்கய்யா உங்கக்கா?"

"உள்ள, திரைக்குப் பின்னால. யாரையும் விடாதேன்னு உத்தரவு."

"முதல்ல அந்த அழுகையை நிறுத்து. மண்டை வெடிக்குது!"

"அது நின்னு கொஞ்ச நேரமாச்சே. ஜெனரேட்டர்ல டீசல் இல்ல."

ஏட்டம்மா காதைத் தீட்டினாள்.

அழுகை... கேட்டுக்கொண்டே இருந்தது!

"அப்ப... இது யாருடா?"

பன் கீழே விழுந்தது.

திரையைக் கிழிக்காத குறையாக விலக்கினாள். 'உயிரைக் காப்போம்' என்ற பேனர் துணிமேல் ஓர் இளம்பெண். டாக்டரின் கையில் பச்சைச் சிசு! பக்கத்தில் டார்ச் பிடித்தபடி மைக் அக்கா.

"யாரும் அசையக்கூடாது!"

"நான் அசையலைன்னா நஞ்சுக்கொடியை நீங்களா எடுப்பீங்க? தள்ளி நில்லுங்க!" என்றாள் டாக்டர்.

"அங்க ரத்தம்..."

"என்னோடது!" மைக் அக்கா கையை நீட்டினாள். பல் தடம்! "என் மகளுக்கு வலி கண்டுடுச்சு. இந்தம்மாவை வாயைப் பொத்திப் பின்சந்து வழியாக் கூட்டியாந்தேன். கடிச்சுட்டா!"

"பின்ன, கடத்தறவங்களுக்கு முத்தமா குடுப்பாங்க?"

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறதுக்கென்ன?" என்றாள் ஏட்டம்மா.

"கூப்பிட்டேன். ரோட்டை அடைச்சிருக்குன்னு திரும்பிப் போயிட்டான்."

"யாரு அடைச்சது?"

"...நாங்கதான்."

"மகளை எதிர் ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"எங்க குடும்பத்துக் கால் அந்த வாசல்ல படாதுன்னு மைக்குல சத்தியம் பண்ணிட்டேனே! பின்வாசலைப் பத்தி எதுவும் சொல்லல. அதான் நான் மட்டும்..."

மகள் களைப்போடு சிரித்தாள்.

"அம்மா... அந்த வாசல்ல நான் முன்னாடியே கால் வெச்சாச்சு."

"என்னடி சொல்றே?"

"அவர் விட்டுட்டுப் போனாரே, அப்ப. கொழந்தை வேணாம்னு சொல்லி இந்த டாக்டர்கிட்டதான் வந்தேன்."

மைக் அக்கா டார்ச்சை மகள் முகத்துக்குத் திருப்பினாள். ஒரு கணம்தான். சுதாரித்துக்கொண்டாள்.

"மனசு மாறிட்டே பாத்தியா! அதைத்தானே நானும் தொண்டை கிழியக் கத்தறேன்!"

"நீ கத்தினே. இவங்க, 'உனக்கு என்ன வேணும்'னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். பெத்துக்கறேன்னு நானே முடிவு பண்ணேன். வேணாம்னு முடிவு பண்ணியிருந்தாலும், அதுவும் நான் பண்ணதுதாம்மா."

மைக் அக்கா டார்ச்சை மகள் முகத்திலிருந்து கீழே தாழ்த்தினாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கேஸ் எல்லாம் வேணாம் ஏட்டம்மா. என்னைச் சாட்சி சொல்ல அனுப்பிவைங்க. நேராக் கூப்பிட்டிருந்தா ரெண்டு செருப்போட ஓடியாந்திருப்பேன்."

தடுப்புக் கட்டைகளை மைக் அக்காவே இழுத்துப் போட்டாள்.

"போங்க. எங்காளு அங்க உங்களுக்கு எதிராத்தான் பேசுவாரு."

"பேசட்டும். கடிக்க மாட்டேன்."

டாக்டரை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் பறந்தது. மைக் அக்கா திரும்பி வந்து மகளருகே குனிந்தாள். தலையைத் தடவினாள். வாயைத் திறந்தாள்.

"பேரை நான் முடிவு பண்ணிட்டேன்!"

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மைக் அக்கா... பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கறது இன்னும் பாக்கி!" என்றாள் ஏட்டம்மா.