பத்தும் ஆறும்

"மாமா, உங்க குரல் மட்டும் ஏன் நொண்டி நொண்டி வருது?"

ஏழு வயதில் பிலோமினா கோயில் வாசலில் வைத்து இப்படிக் கேட்டபோது, அவளுடைய அம்மா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். சந்தியாகு கோபித்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய பெரிய உடம்பை மடக்கி அவள் உயரத்துக்குக் குந்தினார். அவர் கழுத்துப்பட்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது.

"அது வழியில... ஒருத்தர... எறக்கி விட்டுட்டு வருதும்மா. அதான்... நேரமாவுது."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள்.

பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, தூத்துக்குடிக் குரல் நிலையத்தில் அவளே காலைப் பணி பார்த்தாள். ஆறு மணிக்கு வந்து குளிர்நீர் ஓட்டத்தைச் சரிபார்ப்பாள். பிறகு திரையில் பச்சைப் புள்ளிகளைப் பார்ப்பாள். ஒரு புள்ளி ஒரு மனிதரின் குரல். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். ஊர் விழிக்க விழிக்கப் புள்ளிகள் மினுங்கும். யாரோ பால் கேட்கிறார்கள், யாரோ பிள்ளையை எழுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அது சட்டம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் கடற்கரை முழுவதும் பரவிய ஊமைச்சுரம் உயிர்களை அதிகம் கொள்ளவில்லை. தொண்டைகளைக் கொண்டுபோனது. குரல் போனவர்களுக்கு அரசு ஒரு வழி செய்தது. பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவரவர் குரலைச் செதுக்கி எடுத்து, அதற்கென்று ஒரு மெய்நிகர் பொறியை நிலையத்தின் பெருங்கணினிக்குள் கட்டிக் கொடுத்தது. மக்கள் அதைக் குரல்மனை என்றார்கள். கழுத்துப்பட்டை தொண்டைத் தசையின் அசைவைப் படித்து மனைக்கு அனுப்பும். மனை அதைப் பேச்சாக்கித் திருப்பி அனுப்பும். பட்டை அணிந்தவர் பேசியதாகவே எல்லாருக்கும் கேட்கும்.

பிலோமினாவின் கழுத்திலும் ஒரு பட்டை உண்டு. சுரம் வந்தபோது அவளுக்கு நான்கு வயது. மின்சாரமும் குளிர்நீரும் அளந்து கொடுத்த காலம் அது. மனைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. காத்திருப்போர் வரிசையில் அவள் பெயர் அறுநூற்றுக்கு அப்பால் கிடந்தது. ஒருநாள் நிலையத்திலிருந்து ஆள் வந்து, "இடம் கெடைச்சிட்டு, பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். பெயர் வெளியிடாப் பகிர்வு என்று ஒரு விதி இருந்தது. விரும்பியவர் தன் மனையின் நினைவகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். பெறுபவர் யாரென்று கொடுப்பவருக்குத் தெரியாது, கொடுத்தவர் யாரென்று பெறுபவருக்கும் தெரியாது. அம்மா ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவாள். யாருக்கு என்று கேட்டால், "பேரு தெரியாத புண்ணியவானுக்கு" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிலோமினா ஒரு தவறு செய்தாள்.

சந்தியாகுவின் பட்டை பழுதாகிப் புதியது கொடுத்திருந்தார்கள். புதிய பட்டையின் எண்ணை அவருடைய மனையின் அமைவுக் கோப்பில் மாற்ற வேண்டும். சிறிய கோப்புதான், முப்பது வரி. மனைக்கு எவ்வளவு நினைவகம், எந்த வட்டில் குரல் இருக்கிறது, எந்தப் பட்டைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மனையை நிறுத்திவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். நிறுத்தினால் பத்து நிமிடம் அவரால் பேச முடியாது. எதிரே மருத்துவமனையில் அவர் மனைவி லூர்தம்மாள் கடைசி மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோயில் கண் போய் ஆறு ஆண்டுகள். பழைய பட்டை விட்டு விட்டு வேலை செய்ய, அதை வைத்துக்கொண்டு அவர் அவள் காதோரம் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பத்து நிமிடத்தைப் பறிக்க பிலோமினாவுக்கு மனம் வரவில்லை. ஓடுகிற மனையிலேயே கோப்பைத் திறந்து, எண்ணை மாற்றிச் சேமித்தாள். அதே நொடியில் மனையும் தன் பங்குக்கு அதில் எழுதியது.

பச்சைப் புள்ளி அணைந்தது. கோப்பைத் திறந்து பார்த்தாள். பாதி வெறுமை, மீதி குப்பை.

கால் மணி நேரத்தில் சந்தியாகு நிலையத்துக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கைப்பேசியில் எழுதி நீட்டினார்: 'சத்தம் வரல. லூர்து தேடுதா.'

மேற்பார்வையாளர் கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"என்னம்மா, கோப்பு போச்சா? அதுக்கு ஏன் மலைச்சுப்போய் உக்காந்திருக்க? பொதுக்குரல் ஒண்ணு போட்டுக் குடு. அஞ்சு நிமிச வேல."

"அது இவரு குரல் இல்லையே சார்."

"ஒரு நாளுக்குத்தான? நல்ல கணீர்னு இருக்கும். ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி."

"அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பக்கத்துல உக்காந்துருக்காருன்னு நெனைச்சிட்டுப் போய்ச் சேரணுமா?"

கோமதிநாயகம் தலையைச் சொறிந்தார். "சரி, என்ன செய்யப்போற?"

"வட்டு நல்லாத்தான் இருக்கு. குரல் எங்கயும் போகல. புதுசா ஒரு மனை கட்டி, பழைய வட்ட அதுல மாட்டுதேன். ரெண்டு மணி நேரம் குடுங்க."

"அந்தம்மாவுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கான்னு மேல கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருந்தியவர்போல் சந்தியாகுவுக்குத் தேநீர் வாங்கப் போனார்.

பிலோமினா அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, தப்பு என்னோடது. நிறுத்தாம கோப்பத் திறந்துட்டேன். நீங்க பேசிட்டு இருக்கீங்களேன்னு..."

சந்தியாகு அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைப்பேசியில் எழுதினார்: 'எனக்காகத்தான செஞ்ச. அழாம வேலையப் பாரு.'

அவள் வேலையைப் பார்த்தாள். மனை திறக்கும் ஒவ்வொரு முறையும் பெருங்கணினி அமைவுக் கோப்பைப் படித்து, படித்ததைப் பதிவேட்டில் எழுதி வைக்கும். கடைசிப் பத்துப் பதிவுகள் மட்டும் இருக்கும். பதினொன்றாவது வரும்போது மூத்தது அழிந்துபோகும். அந்தப் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பொறுக்கிப் புதிய கோப்பில் சேர்த்தாள். வட்டின் இடம், ஒலியின் வேகம், தொடர்பு முகவரி. இருபத்தொன்பது வரிகள் வந்துவிட்டன. அடையாள எண் மட்டும் இல்லை. அது மனை முதன்முதலாகத் திறந்த நாளின் பதிவில் மட்டுமே இருக்கும். அந்தப் பிறப்புப் பதிவு அழிவதில்லை.

அதைத் திறந்தாள். இருபது ஆண்டுப் பழைய எழுத்துகள் திரையில் விரிந்தன. அடையாள எண் மேலேயே இருந்தது. அதன் கீழே இரண்டு வரிகள்.

'ஒதுக்கீடு: பதினாறு அலகு. பகிர்வு: பத்து அலகு. இருப்பு: ஆறு.'

'பெறும் மனை: தூ-3318.'

தூ-3318 என்ற எண் அவள் பட்டையின் பின்புறம் பொறித்திருக்கும். தினமும் குளித்துவிட்டு மாட்டும்போது விரலில் படும் எண்.

பேச்சு தடங்காமல் வர ஒரு மனைக்குப் பத்து அலகு வேண்டும். ஆளுக்கு எட்டாகப் பிரித்திருந்தால் இருவர் குரலும் நொண்டியிருக்கும். பேசக் கற்கிற பிள்ளைக்குப் பத்தைக் கொடுத்துவிட்டு, அவர் ஆறோடு இருந்துகொண்டார். சுரத்துக்கு முன் அவர்தான் கோயில் பூசையில் வேத வாசகம் படிப்பவர் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பிறகு யாரும் அவரைப் படிக்க அழைக்கவில்லை. 'இழுவை சந்தியாகு' என்று ஊர் பெயர் வைத்தது. அவளும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள், அவர் கொடுத்த பத்து அலகால், தடங்காமல்.

கண்ணாடிக்கு அப்பால் சந்தியாகு ஆறிப்போன தேநீரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நினைவக வரியில் சுட்டி மினுங்கியது. அவள் தன்னுடையதிலிருந்து இப்போதே எடுத்துப் பத்து என்று போட்டுவிடலாம். விரல் அந்த எண்ணின்மேல் போய் நின்றது. பிறகு லூர்தம்மாளை நினைத்தாள். கண் போன அந்த அம்மாளுக்குக் கணவர் என்றால் இருபது ஆண்டுகளாகக் கேட்ட இந்த நொண்டும் குரல்தான். இன்று பார்த்து அது நிமிர்ந்து நடந்து வந்தால், வேறு யாரோ என்றல்லவா நினைப்பாள்?

பிலோமினா ஆறு என்று அடித்தாள்.

வட்டை மாட்டி மனையைத் திறந்தாள். திரை ஒரு கேள்வி கேட்டது: 'இந்த மனை நகர்த்தப்பட்டதா, நகலெடுக்கப்பட்டதா?' நகல் என்றால் புதிய அடையாள எண் விழும். பட்டை அந்தக் குரலை அந்நியன் என்று தள்ளிவிடும். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு 'நகர்த்தப்பட்டது' என்பதை அழுத்தினாள்.

பச்சைப் புள்ளி வந்தது. அதற்குள் மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

புதிய பட்டையைப் பொருத்திச் சரிபார்க்க அவளும் மருத்துவமனைக்குப் போனாள். லூர்தம்மாளின் தலை தலையணையில் இப்படியும் அப்படியும் அலைந்துகொண்டிருந்தது. சந்தியாகு குனிந்தார்.

"லூ... ர்து."

அலைந்த தலை நின்றது.

"எங்க போனீய இம்புட்டு நேரம்?" குரல் நூல் மாதிரி இருந்தது. "நீங்க இழுத்து இழுத்து... வந்து சேருததுக்குள்ள... எனக்கு வயசாயிரும்."

"வந்துட்டேன்... வந்துட்டேன்."

"செபம் சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் செபத்தைத் தொடங்கினார். சொல்லுக்குச் சொல் இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் ஒரு மூச்சு விட்டாள். பிலோமினா வெளியே வந்து நடையில் நின்றாள். மூன்று மணி இருக்கும், உள்ளே அவருடைய இடைவெளி ஒன்று மிக நீளமாகப் போனது. இந்த முறை குற்றம் நினைவகத்தில் இல்லை.

அடக்கம் முடிந்து ஆறாம் நாள் பகலில் சந்தியாகு நிலையத்துக்கு வந்தார். ஒரு பையில் நாலு முந்திரி மக்ரூன் கொண்டுவந்திருந்தார்.

"லூர்துக்குப் பிடிக்கும். சும்மா... வாங்கிட்டேன். வாங்குன பொறவுதான்... ஞாபகம் வந்துச்சு. நீ தின்னும்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு ஏழாம் நாள் பூசையா மாமா?"

"ஆமா. வாசகம் யாரு படிக்கான்னு... சாமியார் கேட்டாரு. தம்பி மவன... படிக்கச் சொல்லிட்டேன்."

"நீங்க படிக்கலியா?"

"நான் படிச்சா... மத்தியானச் சோத்துக்குத்தான் பூச முடியும். சனம்... பாவம்லா." சிரித்தார். சிரிப்பு மட்டும் தடங்கவில்லை. அதற்கு நினைவகம் தேவையில்லை. "அவளுக்கு... நான் படிச்சாத்தான் பிடிக்கும். அது கெடக்கு."

பிலோமினா பையின் காதைத் திருகினாள். "மாமா, சின்னப்புள்ளையில ஒண்ணு கேட்டேன். வழியில யாரையோ எறக்கி விட்டுட்டு வருதுன்னு சொன்னீங்க."

"நீ அதையெல்லாம்... நெனைப்பு வச்சிருக்கியா?"

"எறங்குனவங்கள ஒரு நாளும் தேடிப் பாக்கலியா?"

சந்தியாகு வாசல் பக்கம் பார்த்தார். "எதுக்கு? வீடு... போய்ச் சேந்துருப்பாங்க."

பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தூங்க வேண்டும், ஆறு நாளாகத் தூக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு அவருடைய பட்டை கழற்றப்பட்டதாகத் திரை சொன்னது. கோமதிநாயகம் விடுப்பில் இருந்தார். கூடத்தில் குளிர்நீர் ஓடும் ஓசை மட்டும். பிலோமினா பகிர்வுப் படிவத்தைத் திறந்தாள். கொடுப்பவர் தூ-3318. பெயர் வெளியிட வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டாள். இந்த முறை இரண்டு மனைகளையும் நிறுத்திவிட்டுத்தான் கோப்புகளைத் தொட்டாள். ஒன்றில் ஆறை அழித்துப் பத்து எழுதினாள். மற்றதில் பத்தை அழித்து ஆறு எழுதினாள். பிறகு இரண்டையும் திறந்தாள்.

கொடுத்தவரின் பதிவேட்டில் பகிர்வு ஒரு வரியாக ஏறியிருந்தது, அழியாத பிறப்புப் பதிவில் அல்ல, இன்றைய பதிவில். பின்னால் யாராவது கோப்பு பழுது பார்க்க வந்தால், அவள் பார்த்ததைப்போல் பார்த்துவிடுவார்கள். பத்து முறை மனையை மூடித் திறந்தால் அந்தப் பதிவு தானாக வெளியே தள்ளப்பட்டுவிடும்.

அவள் பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். தன் மனையை மூடினாள், திறந்தாள். குரல் வந்ததா என்று பார்க்க ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னாள், லூர்தம்மாளின் ஆன்மாவுக்காக. சொற்கள் ஒன்றுக்கொன்று தூரமாக, கைவிட்டுப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து சேர்வதுபோல் வந்தன. ஒவ்வொன்றும் வரும்வரை காத்திருந்தாள். ஒரு மணியைத் தள்ளினாள். மறுபடி மூடினாள்.

பத்தாவது மணியில் அந்த வரி அழிந்தது. அவள் சொன்ன ஆமென் சற்றுத் தாமதமாக, வெறுங்கூடத்தில் வந்து சேர்ந்தது.