பாதியில் நின்ற ஜெபம்

“அம்மா! சீக்கிரம் நெத்தியில சிலுவை போட்டு அனுப்பும்மா! கார் வந்து எவ்வளவு நேரமாச்சு!”

வாசற்படியில் நின்று ஒடீலியா குதித்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தொடப் போகிறவள், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி! குதிக்காமல் என்ன செய்வாள்? இன்று அவள் நடிக்கும் படத்தின் படப்பிடிப்புக்குக் கடைசி நாள். கணவனைப் பறிகொடுத்த விதவை, பண்ணையார் மாளிகையின் முற்றத்தில் நின்று, மாடத்தில் நிற்கும் அந்தப் பண்ணையாரை அண்ணாந்து பார்த்து, ஒரே மூச்சில் பேசித் தீர்க்கும் காட்சி. மெக்சிகோ நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் வரப்போகிறார்கள். மாப்பிள்ளை கிளெமென்டே இனிப்பு ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டே டை கட்டிக்கொண்டிருந்தான்.

அம்மா ரெஃபுகியோ, ஊர் வாயில் டோன்யா குகா, அதாவது குகா அம்மாள், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி ஓடி வந்தாள். இரண்டு விரல்களை மகளின் நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

“விரலைப் பாரு.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்! ஊர்ல எல்லா அம்மாவும்தான் ஆசீர்வாதம் பண்றாங்க. பிள்ளைங்க கண்ணை மூடிக்குதுங்க. நீ மட்டும்தான் போலீஸ்காரன் மாதிரி விரலைப் பாரு, விரலைப் பாருன்னு…”

“பேசாம இரு. பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே… உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக… எங்கள் அனுதின உணவை எங்களுக்கு…”

மகளின் இடது இமை மெல்லச் சரிந்தது. டோன்யா குகாவின் ஜெபம் அங்கேயே நின்றது. இவ்வளவு சீக்கிரத்தில் அது சரிந்ததே இல்லையே! கடவுளே, இன்றைக்கா? இன்றைக்குத்தானா?

“பாத்தீங்களா? இன்னிக்கும் பாதியிலேயே மறந்துட்டாங்க!” ஒடீலியா கணவனைப் பார்த்துச் சிரித்தாள். “வயசாயிடுச்சுங்க எங்கம்மாவுக்கு.”

டோன்யா குகா சிரிக்கவில்லை. நேரே கூடத்துக்குப் போய் டெலிபோனை எடுத்தாள். அடுத்த கணம் அவள் குரலே மாறிப்போனது.

“யாரு, இயக்குநரா? நல்லா கேட்டுக்கோங்க. அவ மேக்கப் அறையில போன தடவை என்ன பூ வெச்சீங்க? செவந்திப்பூவா? அது கல்லறைக்கு வெக்கற பூ! என் மகள் என்ன செத்தா போயிட்டா? வெள்ளை லில்லி வெக்காம அவ படியேற மாட்டா! மதியத்துக்கு மேலதான் வருவா, போங்க!”

மகளுக்கு இருந்தது தசைகளை விரைவில் களைக்க வைக்கும் நோய். முதலில் இமை சரியும், பிறகு நாக்கு தடிக்கும், பிறகு கை துவளும். ஓய்வும் மாத்திரையும் இருந்தால் மீண்டுவிடும். மீறினால் மூச்சே நின்றுவிடும். ஒருமுறை நின்றும்விட்டது. குழாய் வழியே மூச்சுவிட்ட மகளின் அருகில் உட்கார்ந்துதான் அந்தத் தாய் மருத்துவரிடம் இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டாள். அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், இமை எவ்வளவு சீக்கிரம் சரிகிறது என்று கவனியுங்கள் என்றார் அவர். ஜெபம் முடியும்வரை இமை நின்றால் மகள் வேலைக்குப் போவாள். நிற்காவிட்டால் தாய் சண்டை பிடிப்பாள்! பூ சரியில்லை, நாற்காலி சரியில்லை, கம்பளத்தில் பூனை நாற்றம்… ராட்சசி, பேராசைக்காரி, மகளை விற்றுத் தின்பவள் என்று ஊர் பேசியது. பேசட்டுமே! திமிர் பிடித்தவளுக்காகக் காத்திருப்பார்கள், சீக்காளி என்று தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இந்த இமைச் சோதனை மகளுக்கும் தெரியக்கூடாது. தன் இமையைத் தானே பயந்து பார்க்கிறவள் கேமரா முன்னால் எப்படி நிற்பாள்?

திரும்பிய டோன்யா குகா திடுக்கிட்டாள். பின்னாலேயே மகள் நின்றிருந்தாள்.

“லில்லிப் பூவா? நான் கேட்டேனா?” ஒடீலியாவின் உதடு துடித்தது. “இத்தனை வருஷமா என் பேரைக் கெடுத்தது போதாதா? இன்னிக்குமா!”

“இன்னிக்கு ஒரு நாள் மதியம் போயேன் கண்ணு… கொஞ்சம் படுத்துட்டு…”

“என் நோய் எப்பவோ அடங்கிடுச்சும்மா! ஒரு நாளாவது செட்ல விழுந்திருக்கேனா? அடங்காம இருக்கறது நீ மட்டும்தான்!”

ஐயோ! எதனால் விழவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இனி மகள் தன் இமைக்கே பயப்படுவாளே!

கிளெமென்டே தொப்பியை எடுத்தான். “அத்தை, நான் இதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை. நீங்க புவேப்லாவுல உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்க. இன்னிக்கே. செட் பக்கம் வந்துடாதீங்க, கேட்ல சொல்லிட்டுத்தான் உள்ளே போவேன்.”

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக, தாயின் சிலுவை நெற்றியில் படாமல் ஒடீலியா வீட்டைவிட்டுப் போனாள்.

டோன்யா குகா அழுதுகொண்டே பையில் துணியைத் திணித்தாள். புவேப்லா பஸ்ஸுக்கென்று டாக்ஸி பிடித்தாள். பாதி வழியில், “திருப்புப்பா! ஸ்டுடியோவுக்குத் திருப்பு!” என்று கத்தினாள். பெற்ற வயிறு ஆயிற்றே, சொன்ன பேச்சைக் கேட்குமா?

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். “டோன்யா… உங்களை விடக்கூடாதுன்னு உத்தரவு…”

“என்னையா? என்னையா மறிக்கறே நீ?” அவள் பையை ஓங்கினாள். “போன வருஷம் ஒரு மேனேஜர் மறிச்சான். இப்ப அவன் எங்கே வேலை பாக்கறான்னு உனக்குத் தெரியுமா?”

அப்படி ஒரு மேனேஜரே கிடையாது. ஆனாலும் காவலாளி பதறிக் கதவைத் திறந்துவிட்டான். ராட்சசி என்ற பட்டம் அன்று முதல்முறையாக அவளுக்கே உதவியது.

உள்ளே விளக்குகள் கொதித்தன. முற்றத்து நடுவில் கறுப்பு உடையில் ஒடீலியா. மாடத்தை அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆகா, என்ன குரல்! ஒரு கணம் தாய்க்கே மெய் சிலிர்த்தது. ஆனால் அடுத்த வரியில்… இமை சரிந்தது. ‘நீதி’ என்ற சொல் வாய்க்குள்ளேயே குழைந்தது. உயர்த்திய கை தானாக இறங்கியது.

“கட்!” இயக்குநர் ஆர்சேனியோ எழுந்துவிட்டார். “என்னம்மா இது? குடிச்சிருக்கியா?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “காலையிலேயே டெக்கீலாவா!” பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்தார்கள். கிளெமென்டே வெளிறிப்போய் நின்றான். ஒடீலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நாக்கு புரளவில்லை. அவள் கண்ணில் தெரிந்த பயத்தை டோன்யா குகா பார்த்தாள். அவ்வளவுதான்!

“அவ குடிக்கலை!” கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். “நான்தான்! காலையில காப்பியில தூக்க மருந்து கலந்து குடுத்தவ நான்தான்! லில்லிப்பூ வெக்கலைங்கற ஆத்திரத்துல செஞ்சேன்! எழுதிக்கோங்க, என் பேரைப் போட்டு எழுதிக்கோங்க! ரெஃபுகியோ, இவளைப் பெத்தவ! என் மகள் மேல ஒரு குத்தமும் இல்லை!”

பளிச் பளிச்சென்று கேமரா விளக்குகள் மின்னின. “பெத்த தாயா இவ?” என்று ஒருத்தி காறித் துப்பினாள். டோன்யா குகா எதையும் காதில் வாங்கவில்லை. மகள் மூச்சுவிடுகிறாளா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். பழக்க தோஷம், இரண்டு விரல்கள் தாமாக உயர்ந்தன.

“விரலைப் பாரு… பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே… உம்முடைய நாமம்…”

இமை விழுந்தது. ஜெபம் நின்றது.

ஒடீலியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் ஒரே பாத்திரத்துக் காப்பியைத்தானே மூவரும் ஊற்றிக் குடித்தார்கள்! மற்ற இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே! பின்னே ஏன் அம்மா…? ஜெபம் நின்ற காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஜெபம் நிற்கும். அம்மா டெலிபோனிடம் போவாள். பூ, நாற்காலி, பூனை நாற்றம்! அம்மா ஒருநாளும் ஜெபத்தை மறக்கவில்லை. என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்!

“அம்மா…” நாக்கு தடித்தது, ஆனாலும் சொன்னாள். “எனக்காகவா… எனக்காகவா ராட்சசியா இருந்தே?”

“உஷ்! பேசாதே, களைச்சுப் போயிடுவே…”

“பேசுவேன்!” அவள் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “நான் குடிக்கலை. இவங்க மருந்தும் கலக்கலை. எனக்கு நோய்… வருஷக்கணக்கா. நான் விழாம நின்னேன்னா… இந்த அம்மா உங்க எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கினதாலதான்.”

ஆர்சேனியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“இதை ஏன் டோன்யா எங்ககிட்ட சொல்லலை?”

“சொன்னா வேலை குடுப்பீங்களா?”

அவர், “பூவுக்கும் நாற்காலிக்குமே மதியம் வரைக்கும் காத்திருந்தவங்க நாங்க. இதுக்குக் காத்திருக்க மாட்டோமா?” என்றார். திரும்பி, “விளக்கை அணைங்கப்பா! எல்லாரும் சாப்பிடப் போங்க. அவங்க எப்ப சொல்றாங்களோ அப்ப எடுக்கறோம்!” என்று கத்தினார்.

கிளெமென்டே வந்து, கீழே கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவனால். “அத்தை… இதை நானே வீட்டுக்குக் கொண்டுபோறேன். மறுபடியும் அலமாரியில நானே அடுக்கி வெக்கறேன். மன்னிச்சுடுங்க…”

“அடுக்கத் தெரியுமா உனக்கு? டை கட்டவே தெரியலை!” என்று அழுகையோடு சிரித்தாள் மாமியார்.

ஒப்பனை அறையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒடீலியா தாயின் மடியில் சாய்ந்தாள். “அம்மா… காலையில சிலுவை போடாமயே போயிட்டேன். இப்பப் போடு. பாதியில நிறுத்தாதே.”

டோன்யா குகா இரண்டு விரல்களை உயர்த்தினாள். மகள் வழக்கம்போல் இமையை நிமிர்த்தி, அவற்றை அண்ணாந்து பார்க்க முயன்றாள். பாவம், முடியவில்லை.

“வேண்டாம்,” என்று தாய் அந்த இமைகளை மெல்ல வருடிவிட்டாள். “இன்னிக்குக் கண்ணை மூடிக்கோ, கண்ணு.”

ஒடீலியா கண்களை மூடிக்கொண்டாள். தாய் ஆரம்பத்திலிருந்து தொடங்கி, ஆமென்வரை சொல்லி முடித்தாள்.