நாலாம் அடைப்பில் நீலக் கோட்டு

போன் அலறியது!

காலை ஆறே முக்கால். பல் தீட்டிக்கொண்டிருந்த சுஜிதன் வாய் நுரையோடு எடுத்தான்.

"தம்பி! மிஸ்... நாலாம் அடைப்புக்குள்ள... குப்புற மிதக்கிறா!"

படகோட்டி மார்க்கண்டு. குரல் கிழிந்திருந்தது.

"எந்த மிஸ் அண்ணை?"

"எங்கட ராகவி மிஸ்தானடா! அவவின்ர நீல மழைக்கோட்டு! கண்ணால கண்டனான்!"

நுரை தொண்டைக்குள் இறங்கியது.

ராகவி... கடலில் வலையடைப்புக் கட்டிக் கடலட்டை வளர்க்கும் ஊர்காவற்றுறைப் பண்ணையின் மனேச்சர். சுஜிதன் அவளுக்குக் கீழ் சுப்பவைசர். ஒன்பது மாதமாக அவளுடைய காதலன்.

அவளைக் கொன்றவனும் அவன்தான்!

ஆயுதம்... ஒரு பேனை.

மோட்டார் சைக்கிளை முறுக்கினான். வழியெல்லாம் அந்தக் கடிதம்தான் கண்ணுக்குள் நின்றது.

'முகாமையாளர் தமக்குக் கீழுள்ள ஆண்களைத் தொல்லைப்படுத்துகிறார். இணங்குபவருக்கே பதவி. இப்படிக்கு, நலன்விரும்பி.'

இடக்கையால் எழுதிய மொட்டைப் பெட்டிசம். தலைமைக் கந்தோருக்குப் போட்டு மூன்று கிழமை.

பொய்! முழுப் பொய்! பண்ணையில் அவனைப் போல மூச்சடக்கிச் சுழியோட ஆள் இல்லை. பதவி அதற்குத்தான் வந்தது. ஆனால் இறங்குதுறைப் பெடியள் விட்டால்தானே?

"என்ன மச்சான், மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊத்தியாச்சோ?"

"கால் பிடிச்சு விட்டால் அடுத்த புரமோசனாம்!"

பண்ணைப் பெண்கள் இன்னொரு பக்கம். அவன் தண்ணீரில் இறங்கச் சேட்டைக் கழற்றினால் விசில்.

"மிஸ்ஸின்ர சரக்கடி, கண் வையாதேங்கோ!"

ராகவியிடம் சொல்லிப் பார்த்தான். சிரித்தாள்.

"கதைக்கட்டும், விடும். பொம்பிளையள் வேலைக்கு வந்த நாளிலையிருந்து கேக்கிற கதைதானே உது?"

அந்தச் சிரிப்புத்தான் சுட்டது. தானும் ஆம்பிளை என்று காட்டப் பெட்டிசம் எழுதினான்... பெயர் போடாமல்!

நேற்றுப் பின்னேரம் கந்தோர்க் கடிதம் வந்தது. வாசித்தாள். முகம் செத்துப்போனது. "நான் தனியப் போறன்" என்று வள்ளம் எடுத்தாள். அதோடு போன் ஓஃப்!

கரையில் பதினைந்து பேர். ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

"பாத்துக்கொண்டு நிக்கிறியளே? தூக்குங்கோ!"

"உனக்கு விசரே?" என்றார் மார்க்கண்டு. "பொலிசு வராமல் பிரேதத்தில கை வைக்க ஏலாது. பிறகு கோடு கச்சேரியெண்டு ஆர் அலையிறது?"

தூரத்தில்... வலைக்குள்... நீலக் கோட்டு. அலை தூக்கித் தூக்கிப் போட்டது.

கடிதத்தை உடைத்துக் கொடுத்த கிளாக் கம்சிகா விம்மினாள்.

"ஆரோ பெட்டிசம் போட்டிருக்கு. அந்த நாயின்ர கை அழுகிப் போகும்!"

சுஜிதன் இடக்கையை நீட்டினான்.

"இந்தக் கைதான் அக்கா... நான்தான் போட்டனான்!"

"என்னடா சொல்லுறாய்?"

"பொம்பிளைக்குக் கீழ கிடக்கிறனெண்டு நக்கலடிச்சாங்கள். தாங்கேலாமல் எழுதினனான். அவ ஒரு நாளும் என்னைத் தொல்லைப்படுத்தேல்லை. நான்தான் பின்னால திரிஞ்சனான்!"

கம்சிகா காறி அவன் முகத்தில் துப்பினாள்.

துடைக்கவில்லை. அப்படியே கடலுக்குள் ஓடினான். பொலிசு வந்து பிடிக்கட்டும்! இடுப்பளவு... நெஞ்சளவு... வலையைத் தாண்டினான். கண்ணை இறுக மூடித் தோளில் பிடித்துப் புரட்டினான்.

பாரமே இல்லை!

கண்ணைத் திறந்தான்.

கோட்டுக்குள் தேங்காய்ப் பொச்சு! மீன்பெட்டி றெஜிபோமில் வெட்டிய தலை! அதில் கரியால் கீறிய மீசை!

வெருளி! கள்ளரை வெருட்டும் பொம்மை!

பின்னால் வள்ள எஞ்சின் நின்றது.

"அட்டைக் கள்ளருக்கெண்டு நேற்று என்ர கோட்டைப் போட்டு நட்டனான். காத்து விழுத்திப்போட்டுது போல."

ராகவி! உயிரோடு! அனலைதீவில் அக்கா வீட்டில் படுத்துவிட்டு வருகிறாள்.

"போன் செத்துப்போச்சு. ஏன் கரை முழுக்கச் சனம்?"

இப்போது சொல்லாவிட்டால் கரை சொல்லும்.

"மிஸ்... பெட்டிசம் போட்டது... நான்."

வள்ளம் ஆடியது. அவள் ஆடவில்லை. கண் கலங்கியது... துடைத்தாள். கைப்பையிலிருந்து கந்தோர்க் கடிதத்தை எடுத்தாள்.

"இதை விசாரிச்சு அறிக்கை தரச்சொல்லி ஆருக்கு அனுப்பியிருக்கினம் தெரியுமோ?"

"ஆ... ஆருக்கு?"

"மனேச்சருக்கு. அதுதான் நடைமுறையாம்!"

கழுத்தளவுத் தண்ணீரில் அவனுக்கு வியர்த்தது.

"முறைப்பாடு குடுத்தவர் நீர். பாதிக்கப்பட்டவர் நீர். குற்றவாளியும் நீர்," என்றாள் ராகவி. "ஒம்பது மணி விசாரணைக்கு மூண்டு பேரும் வாரும். இருக்க ஒரே கதிரை போதும்!"