பொய் சொன்ன பச்சை விளக்கு

"கொன்னுட்டியேடா, பாவி!"

அலறல் கேட்டு எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலோ எப்போதும் திறந்துதான் இருக்கும்!

மேஜைமேல் கிடந்தது பிணம்.

தீப்பெட்டி அளவு. உள்ளே ஒரு மெமரி கார்டு, ஒரு குட்டி சிப். கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி வேலை செய்ய வேண்டிய பெட்டி. செய்தவள், அலறிய இன்ஜினியர் பெண்.

எதிரே நின்றவர் அவளுடைய தொழில் கூட்டாளி. மோதிரம் மாற்றிக்கொண்டவர். தெருவே 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடும்.

"நான் என்னடி பண்ணேன்?"

"காப்பி பண்ணா பச்சை லைட் எரியுது. ஃபைல் ஸ்கிரீன்ல தெரியுது. கழட்டி மாட்டுனா காணோம்! சாயங்காலம் பெட்டிய வாங்க ஆள் வர்றாருடா!"

"கார்டு டூப்ளிகேட்டா இருக்கும்..."

கார்டை உருவிச் சாதாரண கார்டு ரீடரில் போட்டாள். காப்பி செய்தாள். கழற்றி மாட்டினாள். ஃபைல் குத்துக்கல்லாட்டம் இருந்தது!

"கார்டு நல்லாத்தான் இருக்கு. அடுத்து?"

"கேபிள் லூஸோ..."

கேபிளை மாற்றினாள். பெட்டியில் ஃபைல் மறுபடி மாயம்!

கடைசியில், சிப்பில் தன் பழைய ப்ரோகிராமை ஏற்றினாள். காப்பி செய்தாள். கழற்றினாள்... மாட்டினாள்...

ஃபைல் இருந்தது!

"இவ்ளோ நேரம் சிப்ல இருந்தது என் ப்ரோகிராம் இல்ல. எதையும் எழுதாமலே 'எழுதிட்டேன்'னு லைட் போடுற திருட்டு ப்ரோகிராம். நேத்து நான் பல் டாக்டர்கிட்ட போனப்ப இங்க இருந்தது யாரு?"

மாப்பிள்ளைக்கு வியர்த்தது... பிறகு சிரித்தார்!

"நான்தான். போட்டிக் கம்பெனிக்காரர் பெரிய வேலை தர்றேன்னாரு. நீ செஞ்சு வச்சிருந்த ரெண்டு பெட்டியிலயும் அவர் குடுத்த ப்ரோகிராமை ஏத்திக் கெடுத்தேன். ஒண்ணுல உன் டிசைன் மொத்தத்தையும் காப்பி பண்ணி, காலையிலயே அவர் கையில குடுத்தாச்சு!"

அவள் மோதிரத்தைக் கழற்றினாள்.

"கட்டிக்கப்போறவன்னு சாவியையே உன் கையில குடுத்தேன் பாரு... என்னைச் சொல்லணும்."

மோதிரம் மேஜையில் உருண்டது. சட்டென்று நிமிர்ந்தாள்.

"எதுல காப்பி பண்ண? நீ கெடுத்த பெட்டியிலயா?"

"ஆமா. பச்சை லைட் எரிஞ்..."

வாய் பாதியில் நின்றது!

"கழட்டி மாட்டிப் பாத்தீங்களா, மாப்பிள்ளை சார்?"

டிரிங்... அவருடைய போன் அலறியது. எதிர்முனைக் குரல் ஜன்னல் வரை கேட்டது.

"யோவ்! பெட்டி காலிய்யா!"

மாப்பிள்ளைக்கு வேலையும் இல்லை, பெண்ணும் இல்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரை விட்டே போய்விட்டார்.

பெட்டி வாங்க வந்தவரையே அவள் கட்டிக்கொண்டாள். அதுவும் இரண்டு தடவை சண்டை போட்டுத் துரத்திவிட்டு, திரும்பி வந்தவர் அதே ஆளாகத்தான் இருக்கிறாரா என்று பார்த்த பிறகு!

கழற்றி மாட்டிப் பார்க்காமல் கழுத்தை நீட்ட அவளுக்கென்ன பைத்தியமா?