கதைக்காரியின் பதிமூன்றாவது மணி

டெலிபோன் அலறியது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு எடுத்தாள் கதைக்காரி. பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. கட்டிடத்துக்கு ஒரு கதை சொல்வாள். அதனால் அந்தப் பெயர்.

"மேடம்... மணிக்கூண்டு வாட்ச்மேன் பேசறேன். சாவியண்ணன் மேலேர்ந்து விழுந்துட்டாரு. மூச்சு இல்ல..."

"எப்போ?"

"இப்பத்தான். நான் சாப்பிடப் போயிருந்தேன். பன்னெண்டு மணிக்குப் பதிமூணு அடிச்சுதாம் மேடம். எல்லாரும் சொல்றாங்க."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

பதிமூன்று! அந்தக் கதையைக் கட்டிவிட்டதே அவள்தான்.

கூண்டைப் பற்றிய உண்மைகள் உப்புச்சப்பில்லாதவை. நூற்றுப் பதிமூன்று படிகள். புதன்தோறும் சாவி கொடுக்க வேண்டும். கொடுப்பவர் சாவியண்ணன். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூன்று வருடம் முன்பு பொறுக்கமாட்டாமல் எடுத்துவிட்டாள்... 'இந்த மணி என்றைக்குப் பதிமூன்று அடிக்கிறதோ, அன்றைக்குக் கூண்டில் ஓர் உயிர் போகும்!'

கொட்டாவி நின்றது. கதைக்குக் கண், காது, மூக்கு முளைத்தது. பரீட்சை நாளில் கூண்டின் நிழலை மிதிக்காத பிள்ளைகள்கூட உண்டு.

இப்போது நிஜமாகவே ஓர் உயிர் போயிருக்கிறது.

மாலைக்குள் இன்ஸ்பெக்டர் அம்மாள் இருபத்தாறு பேரை விசாரித்துவிட்டு அவளிடம் வந்தார்.

"இருபத்தாறு பேரும் பதிமூணு கேட்டாங்களாம். சரித்திரப் பேராசிரியர் உள்பட. லைப்ரரி வாசல்ல நின்னு எண்ணினாராம். நீங்க கேட்டீங்களா?"

"என் ரூம் அந்தக் கோடியில மேடம், சத்தம் எட்டாது. ஆனா அந்த மெஷின் பன்னெண்டுக்கு மேல அடிக்கவே அடிக்காது. பதிமூணு நான் கட்டின கதை. என் வாய்தான் அவரைக் கொன்னுடுச்சா மேடம்?"

"கதை யாரையும் தள்ளிவிடாது. மேலே போய்ப் பார்த்தேன். எண்ணெய்க் கேன் ஒண்ணு, சாவி ஒண்ணு. வேற எதுவும் இல்ல. தவறியும் விழுந்திருக்கலாம், தள்ளியும் விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வரேன். அதுவரைக்கும் புதுசா எதுவும் கட்டாதீங்க."

இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மணி எண்ணத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பேராசிரியர் வந்தார். 'முந்நூறு வருட மணி' என்று புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர்.

"கடிகாரம் நின்னு போச்சும்மா. துணைவேந்தர் கத்தறார். சாவி கொடுக்க அண்ணன் உனக்குக் காட்டியிருக்காராமே?"

"தனியா ஏற பயமா இருக்கு சார்."

"நான் எதுக்கு இருக்கேன்? வா."

ஏறினார்கள். உச்சியில் ஆள் உயர மணி. நான்கு பக்கமும் கம்பியில்லாத வளைவுகள். அதில் ஒன்றிலிருந்துதான் அண்ணன் விழுந்தார்.

"சார்... எப்படி சார் பதிமூணு அடிச்சுது?"

பேராசிரியர் சிரித்தார்.

"பதிமூணாவது பன்னெண்டாவது! ஒண்ணுகூட அடிக்கலை. எண்ணெய் போடறப்ப தலையில விழக்கூடாதுன்னு சுத்தியலைப் பச்சைத் துணியால கட்டி வச்சிருந்தாரே, அப்புறம் எங்கேர்ந்து அடிக்கும்? ஜனங்க சும்மா அளக்குது. பயப்படாதே."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரே ஒரு நொடிதான்.

அடுத்த நொடி உடம்பெல்லாம் சில்லிட்டது.

அண்ணன் கட்டுவார், உண்மை. வேலை முடிந்ததும் அவிழ்ப்பார். ஆனால் இன்ஸ்பெக்டர் பார்த்தது கேனும் சாவியும் மட்டும்தானே? துணி எங்கே? லைப்ரரி வாசலில் நின்றவருக்கு அதன் நிறம் எப்படித் தெரியும்?

பார்வையைத் திருப்பினாள். மணியின் விளிம்பில் பாசியைச் சுரண்டிய இடம். அதில் ஒரு வருடம் பொறித்திருந்தது. அதன்மேல் புது அரம் ராவிய கீறல்கள்.

போன வாரம் அண்ணன் சொன்னது காதில் ஒலித்தது. 'பாப்பா, இந்த மணிக்கு என்னைவிட ஒரு வயசு கம்மி!' ஜோக் என்று நினைத்துச் சிரித்திருந்தாள். அண்ணனுக்கு வயது அறுபத்தொன்று. அப்படியென்றால் மணிக்கு அறுபதுதான், முந்நூறு இல்லை!

"என்ன பார்க்கறே?"

"ஒண்ணுமில்ல சார்... கீழ போலாம்."

அவர் படிக்கட்டை மறைத்து நின்றார்.

"உன்கிட்டயும் சொல்லிட்டாரா? முப்பது வருஷ உழைப்பும்மா அந்தப் புத்தகம். எண்ணெய் போடற ஆள் ஒரே வார்த்தையில அழிக்கப் பார்த்தார். அந்த வருஷத்தை ராவி எடுத்துடறேன், வாயைத் திறக்காதீங்கன்னு கெஞ்சினேன். சிரிச்சார்."

"வீட்ல என் பொண்ணு காத்திட்டிருப்பா சார்..."

"கதைக்காரியை அவ கதையே தின்னுடுச்சுன்னு ஊர் பேசும். நல்ல கதை இல்லையா?"

ஓர் அடி எடுத்து வைத்தார்.

அவள் பின்வாங்கினாள். முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. கத்தினால் கீழே கேட்காது. துழாவிய கையில் ஜில்லென்று இரும்பு தட்டுப்பட்டது. சுத்தியலின் கம்பி!

இழுத்தாள்.

டாங்ங்...!

கூண்டே அதிர்ந்தது. பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டு தடுமாறி விழுந்தார்.

இரண்டு... மூன்று... நான்கு...

நின்றுபோன கடிகாரம் அடிக்கிறது! வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் கொட்டினார்கள்.

எட்டு... ஒன்பது... உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அவர் எழுந்து வந்தார். அவள் விடவில்லை.

பன்னிரண்டு...

பதிமூன்று!

அவர் கை அவள் தோளில் விழுந்தது. விழுந்த கை அப்படியே நின்றது. கீழே திடல் நிரம்பியிருந்தது. நூற்றுக்கணக்கான செல்போன்கள் அண்ணாந்து அவரையே பார்த்தன.

"தள்ளுங்க சார்," என்றாள் பல் கிட்டிக்க. "இன்னிக்கு சாட்சி எல்லாம் நிஜம்."

பேராசிரியர் மடங்கி உட்கார்ந்தார். தவளை தன் வாயால் கெட்டது. சொன்ன நேரத்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோதும் அவர் அப்படியே இருந்தார். பிறகு அவர் வீட்டுப் பரணில் பச்சைத் துணியும் அரமும் கிடைத்தன.

சாயங்காலம் கட்டுப் போட்ட கையோடு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள் கதைக்காரி.

"ஒரு விதத்துல ஆறுதல் மேடம். என் கதை இன்னிக்கு உண்மையாயிடுச்சு. நிஜமாவே பதிமூணு அடிச்சுது, எல்லாரும் கேட்டாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அடிக்காத மணியைப் பதிமூணுன்னு எண்ணினாங்களே, அதே ஆளுங்களைக் கூப்பிட்டு இன்னிக்கு எத்தனைன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வீடியோ எடுக்கிற அவசரத்துல எண்ண மறந்துட்டாங்களாம்!"