குவேக்கர்ஸ் ஹில் வீட்டுச் செருப்புகள்

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வாசலில் அவளுடைய செருப்பு திரும்பியிருந்தது.

காலையில் ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் அந்தச் சிவப்பு வீட்டுச் செருப்பை ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று உதறிவிட்டுத்தான் போனாள். இப்போது அது சோடியாக, முன்பக்கம் வீட்டுக்குள் பார்க்க, காலை நுழைத்து நடக்கத் தோதாக இருந்தது. "விசரி, நீதான் வைச்சிருப்பாய்" என்று சயந்தினி தன்னையே திட்டிக்கொண்டாள். தனியாக இருப்பவளைத் திட்டவும் வேறு ஆளில்லையே.

செருப்பு அவள் வாங்கியதல்ல. வீட்டுக்காரி மிசிஸ் லின் செருப்புத் தட்டில் புதிதாக இரண்டு சோடி விட்டுவைத்திருந்தாள். பெண்ணுக்குச் சிவப்பு, ஆணுக்குக் கறுப்பு. தரை ஐஸ்போலக் குளிர்ந்ததால் சயந்தினி சிவப்பைப் போட்டுக்கொண்டாள். கறுப்பை அவள் தொட்டதே இல்லை.

இந்த வீடு கிடைத்ததே பெரும்பாடு. சிட்னியில் ஒரு அறை வாடகைக்கு என்றால் வாசலில் திருவிழாக் கூட்டம் நிற்கிறது. காரின் பின் சீற்றில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பல இரவுகள் படுத்திருக்கிறாள். அப்படியிருக்க, சீனாவிலிருந்து வீடியோவில் பேசிய மிசிஸ் லின், சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்றுதான் கேட்டாள்.

"எங்கட ஆக்களில பொம்பிளைப் பக்கம் வீடு குடுக்கோணும், அன்ரி. எங்களிட்ட வீடு இல்லை. அதோட அந்தக் கதை முடிஞ்சுது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள் சயந்தினி.

மிசிஸ் லின் சிரிக்கவில்லை. "எங்களில் பையன் பக்கம் வாங்கவேண்டும். எங்கள் வீட்டையும் என் அம்மாவின் வீட்டையும் விற்று மகனுக்கு இதை வாங்கினோம். மிச்சக் கடனை அவன்தான் உழைத்துக் கட்டினான். கட்டி முடியும்வரை அவனுக்கு நிச்சயித்த பெண் காத்திருக்கவில்லை."

மகன் இப்போது எங்கே என்று சயந்தினி கேட்கவில்லை. துருவித் துருவிக் கேட்டு வீடு கைநழுவிப் போய்விட்டால்?

குடிபுகுந்த அன்று ஊர்க்கார நாகேஸ்வரி அன்ரி சொல்லிக் கொடுத்தபடி கையில் விளக்கோடு, வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். பால் பொங்கியது. வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மிசிஸ் லின் தேம்பித் தேம்பி அழுதாள். நல்ல மனுசி, பாவம், என்று இவளுக்கும் கண் கலங்கியது.

வெளியே குளிர்கால இருட்டு ஐந்து மணிக்கே இறங்கிவிட்டது. கதிரையில் கைப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பூட்டிக்கிடந்த வீட்டுக்குள், குசினிப் பக்கமிருந்து, சுடச்சுட நூடில்ஸ் கிண்ணத்தின் காரமான மணம் மெல்ல வந்து மூக்கில் ஏறியது. அவள் நூடில்ஸ் சாப்பிடுவதில்லை.

நாகேஸ்வரி அன்ரிக்குப் போன் போட்டாள்.

"அன்ரி, வீட்டில ஆரோ நடமாடுற மாதிரி இருக்கு."

"முறையாக் குடிபுகுந்தனிதானே?"

"ஓம்."

"பிறகென்ன பயம்? விட்டிட்டு எங்க போவாய், திரும்பவும் காருக்கோ?"

போனை வைத்தாள். குசினியில் சத்தம். சரக், சரக். காலைத் தேய்த்துத் தேய்த்து, களைத்துப்போன ஒருவர் நடப்பதுபோல. நின்றது.

செருப்புத் தட்டைப் பார்த்தாள். கறுப்புச் சோடி இல்லை.

கார்ச் சாவியைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள். தெருவில் ஒரு சனமில்லை. காரின் பின் கண்ணாடிக்குள் அந்தப் போர்வை இன்னும் மடித்தபடி கிடந்தது. குளிர் முகத்தில் அறைந்தது.

இல்லை. திரும்பவும் அங்கே போகமாட்டாள். என்ன வந்தாலும் மாட்டாள்.

கதவைச் சாத்தினாள். குளிர்ந்த தரையில் கால் தானாகவே சிவப்புச் செருப்புக்குள் நுழைந்துகொண்டது.

போன் அடித்தது. மிசிஸ் லின். வீடியோ.

பட்டுச் சட்டை அணிந்திருந்தாள். பக்கத்தில் புருசன். இருவர் முகத்திலும் அப்படியொரு நிறைவு.

"என் மகன் இரண்டு வேலை செய்தான்" என்றாள் மிசிஸ் லின். "கட்டில்கூட வாங்கவில்லை. அந்த வீட்டுத் தரையில், தனியாக, செத்துக் கிடந்தான். நாட்கணக்காய் யாருக்கும் தெரியாது. நீ விளக்கோடு மருமகளாய் உள்ளே வந்த அன்றைக்குத்தான் என் வயிறு குளிர்ந்தது."

மிசிஸ் லின் திரையை நெருங்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில், மகளே. அவன் முகம் மறைகிறது."

நூடில்ஸ் மணம் பிடரியில் பட்டது. சூடாக இல்லை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. குனிந்தாள்.

அவளுடைய சிவப்புச் செருப்புக்குப் பக்கத்தில், ஒட்டி, கறுப்புச் சோடி. முன்பக்கம் வீட்டுக்குள் பார்த்தபடி. அதற்குள் நீலம் பாரித்த பத்து விரல்கள், குளிருக்கு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.